அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் போடப் போறீங்களா, ஒரு நிமிஷம் இத படிங்க

கடை பேரு போடல, கோயமுத்தூர்ல இருக்குன்னு மட்டும் சொல்றேன். பழைய வண்டி வெச்சிருக்கறவங்க இத படிச்சுட்டு அப்பறமா அட்வான்ஸ் குடுங்க.

எங்களுது 68 மாடல் மார்க் 2 அம்பாசடர், அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. நாலு வீலும் டிரம் பிரேக், அதாவது வீலோட சுத்தற டப்பாக்குள்ள ஷூ விரிஞ்சு உரசி நிறுத்தறது. சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்கா அட்ஜஸ்ட் பண்ணி வெச்சா நல்லாவே நிக்கும். ஆனா மழைத் தண்ணில எறங்கி ஏறுனா ஒரு பக்கமா இழுக்கும், மலை எறக்கத்துல சூடேறிடுச்சுன்னா எவ்வளவு அழுத்துனாலும் செவுத்த மிதிக்கற மாதிரிதான். பின்னாடி வந்த இசுசு இன்ஜின் அம்பாசடர்ல கம்பெனியே முன்னாடி டிஸ்க் (சுத்தற தட்ட ரெண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடிக்கறது) குடுத்தாங்கல்ல, அத நம்ம வண்டிக்கும் போட்டா என்னன்னு ரொம்ப நாளா ஒரு ஆசை.

அந்தக் கடைக்காரர் பேசுன பேச்சு இருக்கே... "ஏனுங்ணா கவலப்படறீங்க, இந்த மாதிரி எத்தன வண்டி பண்ணிருக்கோம், எல்லாம் புது சாமானுங்ணா, நாலே நாள்"னாரு. 38,000 ரூபா. நாலு நாள் பதினெட்டு நாளாச்சு. பில் கேட்டதுக்கு மேல 'எஸ்டிமேட்'னு அச்சடிச்ச ஒரு துண்டுச் சீட்டுல "டிஸ்க் செட் முழுசும்"னு ஒத்த வரி எழுதிக் குடுத்தாரு. ஜிஎஸ்டி நம்பர் இல்ல, சாமான் பேரு இல்ல, நானும் வண்டி வந்துடுச்சேங்கற சந்தோஷத்துல மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டேன், அதுதான் நான் பண்ண பெரிய முட்டாள்தனம்.

மொத வாரமே ஏதோ சரியில்ல. எங்க தெரு லேசா சரிவு, நியூட்ரல்ல விட்டா வண்டி தானா உருளும், இப்ப அசையவே இல்ல. ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு எறங்குனா முன் வீல் கிட்ட கை வைக்க முடியல, தண்ணி தெளிச்சா சுர்ருங்குது. போன் பண்ணேன். "புது பேடுங்ணா, செட்டாகணும், ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க"ன்னாரு. நம்பிட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டம்மா, பையன், அப்பா எல்லாரையும் கூட்டிட்டு குன்னூர் போயிட்டு மேட்டுப்பாளையம் ரோட்ல எறங்கிட்டு இருக்கோம். 14 கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோடு, தெரியும்ல. பர்லியாருக்கு மேலயே ஒரு கருகுன வாசம், முன்னாடி போற லாரிதான்னு நெனச்சேன். அப்பறம் ஒரு வளைவுக்கு முன்னாடி பெடல மிதிக்கறேன், அது நேரா தரைக்குப் போயிடுச்சு. ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணேன், பஞ்சு மாதிரி இருக்கு. நல்ல வேளையா வண்டி ரெண்டாவது கியர்லதான் இருந்துச்சு (முதல் கியர் இந்த வண்டில ஓட்டத்துல போட்டா கரகரன்னு கத்தும், விழாது), ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுத்து மலைப் பக்கம் மண்ணுல ஏத்தி நிறுத்துனேன். பின்னாடி பழைய டிரம் அப்படியே இருந்ததாலயும், ஹேண்ட் பிரேக் அதுக்கு தனி கம்பில போறதாலயும்தான் நாங்க இன்னைக்கு உசுரோட இருக்கோம். அப்பா ஒரு வார்த்தகூட பேசல, எறங்கி ரோட்டோரமா உக்காந்துட்டாரு.

வண்டிய டோ பண்ணி எங்க ஏரியால ஒரு பெரியவர்ட்ட போட்டேன், அந்தக் காலத்து அம்பாசடர் மெக்கானிக். அவரு மொதல்ல பெடல்ல ஃப்ரீ ப்ளே (மிதிச்சதும் கொஞ்சம் சும்மா போற எடம்) இருக்கான்னு பாத்தாரு, இருக்கு. முன் வீல ஜாக்கில தூக்கி கையால சுத்துனாரு, சுத்தல. ஏர் எடுக்கற நிப்பிள லேசா லூஸ் பண்ணதும் ஆயில் சர்ருன்னு பீச்சுச்சு, உடனே வீல் ஃப்ரீயா சுத்துது. "பிரஷர் உள்ளயே நின்னுக்குது தம்பி, மாஸ்டர் சிலிண்டர மாத்தவே இல்ல"ன்னாரு. பெடல மிதிச்சா பிரேக் ஆயில வீலுக்குத் தள்ளற உருளைதான் அது.

விஷயம் இதுதான். டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் முடியற எடத்துல ஒரு செக் வால்வு இருக்கும், வீல் சிலிண்டர் வாஷர் விரிஞ்சே நிக்கணும்னு லைன்ல சுமாரா 10 பிஎஸ்ஐ பிரஷர எப்பவும் பிடிச்சு வெச்சுக்கும். டிரம்ல ஷூவ பின்னாடி இழுக்க ஸ்பிரிங் இருக்கு, அதனால பிரச்சன இல்ல. டிஸ்க் காலிப்பர்ல (பேட அழுத்தற கவ்வி) அப்படி ஸ்பிரிங் கெடையாது, அந்த 10 பிஎஸ்ஐயே போதும், பேடு டிஸ்க்க தேச்சுட்டே இருக்கும். தேய்ச்சா சூடு, சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி கட்டிக்கும், ஆவிய எவ்வளவு மிதிச்சாலும் அமுங்கத்தான் செய்யும், பிரேக் பிடிக்காது. அதுக்காக வால்வ சும்மா கழட்டி எறிஞ்சாலும் தப்பு, ஏன்னா இந்த வண்டில மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில, காலிப்பர விட கீழ இருக்கு, ஆயில் திரும்பி எறங்கிடும், அதனால டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு தனியா போடணுமாம். டிரம் மாதிரி டிஸ்க் தன்னால இழுத்துப் பிடிக்காதுங்கறதால மிதிக்கற பலத்த கூட்டிக் குடுக்கற பூஸ்டரும் வேணும். என் வண்டில இது ஒண்ணுமே இல்ல, அதே பழைய ஒத்த லைன் மாஸ்டர், எங்கயாவது ஒரு எடத்துல லீக்கானா நாலு வீலும் காலி.

அதோட போச்சா? டிஸ்க்க கழட்டி தின்னர் போட்டு தொடச்சா வெள்ளி பெயிண்டுக்கு அடியில துரு. வெர்னியர் வெச்சு தடிமன் பாத்தா இடது 9.1 மில்லி, வலது 8.4. வலதுல ஓரத்துல மினிமம் தடிமன் எவ்வளவுன்னு பொறிச்சிருக்கற எடத்த கிரைண்டர்ல தேச்சு எடுத்துட்டாங்க, இடதுல பாதிதான் தேச்சிருக்காங்க, 10ங்கறது நல்லாவே தெரியுது. பழைய இரும்புக் கடைல எடுத்து லேத்துல மேல சீவி புதுசுன்னு மாட்டிருக்கான். காலிப்பர் பிடிக்கற பிராக்கெட் கேஸ் கட்டர்ல வெட்டுன தகடு, போல்ட் தலைல 8.8, 10.9ன்னு பலத்தக் காட்டற நம்பர் ஒண்ணும் கெடையாது.

திருப்பிக் கேட்டதுக்கு "மலைக்குப் போவீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையேங்ணா"ன்னாரு. சரி பணம் போனாப் போகுது, என் பழைய டிரம், பேக் பிளேட், ஹப்பையாவது குடுங்கன்னா, அதெல்லாம் அப்பவே இரும்புக் கடைக்குப் போட்டாச்சாம். எனக்கு 38,000 விட இதுதான் எரியுது. 68ல ஃபேக்டரில மாட்டுன சாமான்.

நுகர்வோர் கோர்ட்ல போடலாம்னு ஒரு வக்கீல் ஃபிரண்ட் சொன்னான், 5 லட்சம் வரைக்கும் பீஸ் கூட இல்லையாம், ஆனா கைல இருக்கறது எஸ்டிமேட் சீட்டும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும்தான். அது போதும்ங்கறான், பாப்போம். பெரியவர் டிஸ்க்கையும் பிராக்கெட்டையும் அப்படியே சாக்குல கட்டி வெக்கச் சொல்லிட்டாரு, ஆதாரமாம்.

நேத்து அந்தக் கடைலருந்தே போன், இன்னும் 9,000 குடுத்தா பூஸ்டர் போட்டுத் தர்றாங்களாம்.

வண்டி இப்ப ஷெட்ல கட்டை மேல நிக்குது. மார்க் 2 முன் டிரம், பேக் பிளேட் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, ஜோடியா இருந்தா மட்டும்.