உரக்கடைப் போரான் தூள்: ஈரப் பலகையை வண்டிலிருந்து காக்கும் மருந்தாக ஒரு மதிப்பீடு

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, ஆலங்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் தோப்பில் மூன்று மாமரங்களும் ஒரு பலாவும் வேரோடு சாய்ந்தன. அறுவை மில்களில் இடம் கிடைக்காததால் அவை மூன்று மாதம் பட்டையோடு தரையில் கிடந்தன. பிறகு அறுத்த பலகைகளை மருந்து எதுவும் இடாமல் கொட்டகையில் அடுக்கினோம். ஓராண்டுக்குள் மாம்பலகைகளின்மேல் சலித்த மாவைப் போன்ற தூள் படிந்து, தட்டினால் உதிரும் அளவுக்கு அவை உளுத்துவிட்டன. பலாவில் மஞ்சள் வைரம் (நடுவிலுள்ள கெட்டியான மரம்) தப்பியது. வெளிறு (அதைச் சூழ்ந்த வெளிப்பகுதி) முழுவதும் போயிற்று. என் தந்தை நட்ட மரங்கள் என்பதால் அந்த இழப்பு இன்றும் உறுத்துகிறது. ஆகவே 2021இல் இன்னொரு மாமரத்தை வெட்ட நேர்ந்தபோது, உரக்கடைகளில் ‘போரான் 20%’ என்ற பெயரில் கிடைக்கும் டைசோடியம் ஆக்டாபோரேட் டெட்ராஹைட்ரேட் தூளை வாங்கிப் பலகைகளுக்கு இட்டேன்.

பயிருக்கு நுண்ணூட்டமாக விற்கப்படும் இதே சேர்மம்தான் பல நாடுகளில் மரக்காப்பு மருந்தாகவும் விற்கப்படுகிறது. நம் உரக்கடைப் பொட்டலத்தில் மரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. வாங்கும்போது சேர்மத்தின் பெயரைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். இலைவழித் தெளிப்புக்காகப் புட்டிகளில் வரும் திரவப் போரான் வேறு பொருள். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த பழைய முறையும் நல்லதே. ஆனால் வெண்காரத்தில் போரான் சுமார் 11 விழுக்காடுதான்; இந்தத் தூளிலோ 20 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதோடு, நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரில் எளிதாகக் கரைந்தும் விடுகிறது. ஒரு கிலோவின் விலை ஆசாரியின் அரைநாள் கூலியைக்கூட எட்டவில்லை.

இம்மருந்து வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் அதைச் சரியான நேரத்தில் இட முடியும். மாவுத்தூள் தள்ளும் வண்டு, அகன்ற துளைகளும் மாவுச்சத்தும் உள்ள வெளிற்றுப் பகுதியில் முட்டையிடுகிறது. உள்ளே பொரியும் புழு அந்த மாவுச்சத்தைத் தின்று வளர்ந்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள துளையிட்டு வண்டாக வெளியேறுகிறது. வைரமும் வெளிறும் பிரித்தறிய முடியாத மாமரத்துக்கு இதனால்தான் ஆபத்து அதிகம். போரான், வண்டைத் தொட்டவுடன் கொல்லும் நஞ்சன்று. மரத்தோடு சேர்த்துத் தின்னும் புழுவையே கொல்கிறது. மேலும் அது மரத்திலுள்ள ஈரத்தின் வழியாகவே உள்ளே பரவும் என்பதால், உலர்ந்த பலகைமேல் பூசினால் மேற்பரப்போடு நின்றுவிடும். அறுத்த அன்றோ மறுநாளோ இடும்போதுதான் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு.

இம்முறை வெட்டிய வாரத்திலேயே பட்டையை உரித்து மரத்தை அறுத்தோம். செங்கல்லை வரிசையாக அடுக்கி, மேலே தார்ப்பாய் விரித்து ஒரு தொட்டி அமைத்தோம். 55 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 6 கிலோ தூளைக் கரைத்து, ஒவ்வொரு பலகையையும் முழுக நனைத்து எடுத்தோம். பிறகு இடைவெளியின்றி அடுக்கி, பாலிதீன் விரிப்பால் மூடி, நான்கு வாரம் நிழலில் வைத்தோம். அதன் பின்னரே ஒரு அங்குல ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) இடையிட்டுக் காற்றோட்டமாக அட்டி போட்டோம், அதாவது உலர அடுக்கினோம். ஒப்பிடுவதற்காக அதே மரத்தின் இரண்டு பலகைகளை மருந்தில் நனைக்காமல் அருகிலேயே வைத்தேன்.

மருந்து எவ்வளவு ஆழம் சென்றது என்பதை அறிய மஞ்சள் உதவியது. மஞ்சளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்த சாற்றோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்த்துப் பலகையின் வெட்டுமுகத்தில் தடவினால், போரான் உள்ள இடம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். (காரத்தன்மை பட்டாலும் மஞ்சள் சிவக்கும் என்பதால் அமிலம் கட்டாயம், இதைத் தயாரித்துக் கொடுத்தவர் ஒரு வேதியியல் ஆசிரியர்.) ஓர் அங்குலப் பலகைகள் நடுவரை சிவந்தன. இரண்டு அங்குலப் பலகைகளின் நடுப்பகுதியோ மஞ்சளாகவே இருந்தது. கனம் இருமடங்கானால் பரவும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை நான் முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

குறைகளில் பெரியது பூஞ்சணம். மூடிவைத்த நான்கு வாரத்தில் மாம்பலகைகளில் கருநீலக் கறை படர்ந்துவிட்டது. இந்த அளவு போரான் வண்டுக்குப் போதுமேயன்றி, மேற்பூஞ்சணத்தையும் நீலக்கறையையும் தடுக்கவில்லை. வலு குறையவில்லை என்றாலும், வெளிர்நிறம் வேண்டுமென்று மாம்பலகை அறுப்பவருக்கு இது பெரிய ஏமாற்றமே. அடுத்தமுறை நிறம் முக்கியமான பலகைகளை ஒரு வாரத்திலேயே பிரித்து அட்டி போடுவேன். ஆழம் சற்றுக் குறைவதை ஏற்கத்தான் வேண்டும். உலர்ந்தபின் மேலே வெண்ணிறப் பொடி பூத்தது. ஈரத்துணியால் துடைத்து இழைத்ததும் போய்விட்டது.

மழை படும் இடத்துக்கு இது ஆகாது, நீரில் கரைந்து வெளியேறிவிடும். கதவின் வெளிமுகத்துக்கு வண்ணப்பூச்சு அவசியம். காய்கறி நறுக்கும் பலகைக்கும் உணவு படும் பாத்திரங்களுக்கும் இதை இடக் கூடாது. கலக்கும்போது கையுறையும், பின்னர் இழைக்கும்போது முகமூடியும் வேண்டும். எஞ்சிய கரைசலைத் தென்னையடியில் ஊற்றும்படி ஒருவர் சொன்னார்; சிறிதளவில் உரமாகும் போரான் மிகுந்தால் பயிரையே கருக்கிவிடும் என்பதால் நான் அதை மூடிவைத்து அடுத்த அறுப்புக்குப் பயன்படுத்தினேன்.

மூன்று பருவமழைகளுக்குப் பிறகு, நனைக்காத இரண்டு பலகைகளிலும் ஊசித்துளைகள் நிறைந்து தூள் கொட்டுகிறது. நனைத்த ஓர் அங்குலப் பலகைகளில் ஒரு துளைகூட இல்லை. அவற்றில் செய்த அலமாரி எங்கள் கூடத்தில் நிற்கிறது. இரண்டு அங்குலப் பலகைகளும் இதுவரை நலமாக இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கிழித்தால் மருந்து படாத நடுப்பகுதி வெளிப்படும் என்பதால், ஆசாரியிடம் அவற்றை அறுக்காமல் முழுக் கனத்திலேயே பெஞ்சாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.