இறுகிப்போன புல்லி: எண்ணெயா, சூடா, சுத்தியலா, புல்லரா?

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியில் பெல்ட் மாற்ற இறங்குபவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது பெல்ட்டில் இல்லை, எஞ்சினுக்கு அடியில் தொங்கும், பெல்ட் ஓடும் சக்கரமான அந்தப் புல்லியில்தான். நடு போல்ட் கழன்றுவிடும், வாஷரும் வந்துவிடும், புல்லி மட்டும் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டை (சுழல்தண்டை) கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அசையாது. சுத்தியலால் தட்டு என்பார் ஒருவர், சூடு காட்டு என்பார் இன்னொருவர், எண்ணெய் அடித்துவிட்டு நாளைக்குப் பார் என்பார் மூன்றாமவர். மூன்றுக்கும் பலன் உண்டு. ஆனால் ஒவ்வொரு வழியிலும் நாம் கொடுக்கும் விசை எங்கே போய் முட்டுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். புல்லி வீணானால் வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம், கிராங்க் ஷாஃப்ட் கெட்டாலோ எஞ்சினின் அலுமினிய அடிமூடி விரிசல் விட்டாலோ எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும்.

ஆரம்பிக்கும் முன் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

அப்புறம், புல்லியைக் கழற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பல வண்டிகளில் பெல்ட் நழுவாமல் காக்கும் கம்பிகளைத் தளர்த்தினாலே பெல்ட் வெளியே வந்துவிடும். எலெக்ட்ரிக் கிளட்ச் (பிளேடுக்குப் போகும் சுழற்சியை மின்சாரத்தால் இணைத்துப் பிரிக்கும் பகுதி) இருக்கும் வண்டிகளிலும், அதன் வயரைப் பிடுங்கிவிட்டு, அது சுழலாமல் தடுக்கும் பிராக்கெட்டையும் விலக்கினால், கிளட்ச்சைச் சுற்றியே பெல்ட்டை இறக்கிவிட முடிகிற மாடல்கள் நிறைய. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஹப்பின் (புல்லியின் நடுவே ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் தடித்த பகுதியின்) பக்கவாட்டை ஒரு முறை துடைத்துப் பாருங்கள். சில புல்லிகளில் கீக்கு (ஷாஃப்ட்டும் புல்லியும் சேர்ந்து சுழல இரண்டுக்கும் நடுவே செருகும் சிறு உலோகத் துண்டுக்கு) நேர் மேலே கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) இருக்கும், துருவும் புல்லும் சேர்ந்து அதை மூடியிருக்கும். ஒன்றைக் கழற்றிய பிறகும் அலன் கீயை (அறுகோண முனைச் சாவியை) உள்ளே விட்டுப் பாருங்கள், முதல் ஸ்க்ரூ தளராமலிருக்க அதே துளையில் இரண்டாவது ஒன்றைப் போடுவதும் உண்டு. அது உள்ளே இருக்கும்வரை எந்த வழியும் பலிக்காது.

இனி எண்ணெயும் சூடும். எண்ணெயால் எதுவும் உடையாது, அதனால் முதலில் அதுதான். டபிள்யூடி-40 கையில் இருந்தால் அடிக்கலாம், ஆனால் அதன் முதல் வேலை ஈரத்தை விலக்குவது, துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தயாரித்த எண்ணெய்கள் இதற்குப் பொருத்தம். எங்கே அடிக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். கீழிருந்து அடித்தால் பாதி தரையில் சொட்டிவிடும், எனவே மெல்லிய குழாயை விட்டுப் புல்லிக்கு மேலே, ஹப்பும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் அடியுங்கள். கீ உட்கார்ந்திருக்கும் பள்ளம்தான் எண்ணெய் உள்ளே இறங்க இருக்கும் நல்ல வழி. ஒரு இரவு ஊற விடுங்கள்.

சூடு எண்ணெயைவிட வேகமானது, ஆபத்தும் அதிகம். 25 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு ஹப், ஷாஃப்ட்டைவிட 200 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் துளை சுமார் 0.06 மில்லிமீட்டர் விரியும். கேட்கக் கொஞ்சம்தான், துருவின் பிடியை உடைக்க அது போதும். ஆனால் ஹப் மட்டும் சட்டென்று சூடாக வேண்டும். ஹீட் கன்னால் மெதுவாகக் காட்டினால் ஷாஃப்ட்டும் கூடவே சூடாகி விரிந்துவிடும், கேஸ் டார்ச்சோ அந்த இடத்தில் எனக்குப் பயம். மேலே பெட்ரோல், சுற்றிலும் காய்ந்த புல், ஊற்றிய எண்ணெய், ஹப்புக்குச் சற்று மேலேயே ரப்பர் ஆயில் சீல். அதற்குச் சூடு ஆகாது. எலெக்ட்ரிக் கிளட்ச் என்றால் பேச்சே வேண்டாம், உள்ளே இருக்கும் காயில் கருகிவிடும்.

சுத்தியல்தான் பலரும் முதலில் எடுப்பது, நான் கடைசியில்கூட எடுக்க மாட்டேன், அதாவது ஷாஃப்ட் முனையில் அடிப்பதற்கு. கீழிருந்து மேலே விழும் ஒவ்வொரு அடியும் ஷாஃப்ட் வழியாக எஞ்சினுக்குள்தான் போகிறது, முனையின் மரையும் நசுங்கும். புல்லியின் விளிம்பில் அடித்தால் தகடு வளையும், வளைந்த புல்லி புதுப் பெல்ட்டையும் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டு கடப்பாரையை எதிரெதிரே விட்டு நெம்புவது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கடப்பாரை ஊன்றுவது எஞ்சினின் அலுமினியத்தில் என்றால் வேண்டவே வேண்டாம். வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஊன்ற இடமிருந்தால் மட்டும் முயலலாம்.

புல்லர் என்பது கால்களால் புல்லியைப் பிடித்து, நடுத் திருகால் ஷாஃப்ட்டைத் தள்ளி இழுக்கும் கருவி. அதில் இழுக்கும் விசையும் தள்ளும் விசையும் ஒரே நேர்கோட்டில் புல்லிக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடுகின்றன, எஞ்சினின் உடலுக்குப் போவதில்லை. அதனால்தான் நான் புல்லரின் பக்கம். மூன்று கால் புல்லர் நன்றாகப் பிடிக்கும், இடம் நெருக்கமாக இருந்தால் இரண்டு கால்தான் நுழையும். கால்களைத் தகட்டின் விளிம்பில் மாட்டாதீர்கள், ஹப்பை ஒட்டி மாட்டுங்கள், அங்கே பிடி கிடைக்காவிட்டால் பின்னால் பேரிங் செபரேட்டர் தகடு (இரண்டு பாதிகளாக வந்து இறுகும் தகடு) வைத்து அதைப் பிடித்து இழுக்கலாம். ஷாஃப்ட்டின் மரையைக் காப்பாற்ற, வாஷர் இல்லாமல் ஒரு பழைய போல்ட்டைத் திருகிவிட்டு அதன் தலையில் புல்லரின் நடுத் திருகை ஊன்றுங்கள். 1 அங்குல ஷாஃப்ட்டில் பெரும்பாலும் இருக்கும் 7/16 அங்குல போல்ட்டின் தலை புல்லியின் துளைக்குள் தாராளமாகப் போய்வரும். நன்றாக முறுக்கிவிட்டு, ஹப்பின் பக்கத்தில் லேசாக நாலு தட்டு, திரும்பக் கால் சுற்று, கொஞ்சம் எண்ணெய், பொறுமை. முறுக்கிய நிலையிலேயே ஒரு இரவு விட்டுவிடுவதும் பலன் தரும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், புல்லரின் கால் நழுவினால் தெறித்துக்கொண்டு வரும்.

நடு போல்ட்டே கழலவில்லை என்றால் கதை வேறு. அதற்கு இம்பாக்ட் ரெஞ்ச் (தட்டித் தட்டித் திருகும் மோட்டார் ஸ்பானர்) தான் நல்லது, ஃபிளைவீல் இறக்கைகளில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நிறுத்தப் பார்த்தால் இறக்கை உடையும்.

புல்லர் முழு பலத்தோடு இருந்தும் வரவில்லையென்றால் வெட்டிவிடலாம், வருத்தப்பட வேண்டாம். ஆங்கிள் கிரைண்டரால் வெட்டும்போது ஷாஃப்ட்டின் நீளவாக்கில், கீக்கு நேர் மேலே வெட்டுங்கள். வட்டு கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் படுவது கீயில்தான், ஷாஃப்ட் தப்பிக்கும். முழுதாக அறுக்காமல் கடைசி மெல்லிய பகுதியை உளி வைத்துப் பிளந்தால் பிடி விட்டுவிடும். பொறி பறக்கும் வேலை, பெட்ரோல் டேங்க்கை முதலில் கழற்றி எடுத்துவிட வேண்டும். எலெக்ட்ரிக் கிளட்ச்சுக்கு இந்த வழி கிடையாது, விலை அப்படி.

திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட்டை எமரி பேப்பரால் தேய்த்து, கீயின் ஓரம் நசுங்கியிருந்தால் புதுசு போட்டு, ஷாஃப்ட்டிலும் கீயிலும் ஆன்ட்டி-சீஸ் பசையை (உலோகங்கள் ஒட்டிப் பிடிக்காமல் காக்கும் பசையை) மெல்லியதாகப் பூசுங்கள். போல்ட்டின் மரையில் மட்டும் பூச வேண்டாம், பூசினால் டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பானர்) காட்டும் அளவுக்கும் உண்மையான இறுக்கத்துக்கும் பொருத்தம் இருக்காது.