மருத்துவக் கஞ்சா: கண்காணிப்பு யார் மேல் இருக்க வேண்டும்?

ராமநாதபுரம் கடற்கரையில் கஞ்சா என்றாலே வேதாளை, மண்டபம், தொண்டி பக்கம் படகில் ஏற்றக் காத்திருந்த மூட்டைகள் பிடிபட்ட செய்திதான் நினைவுக்கு வரும். ஆந்திரா–ஒடிசா மலைப்பகுதியில் விளைந்து, இங்கே கைமாறி, பாக் நீரிணை தாண்டி இலங்கைக்குப் போகிற சரக்கு அது. ஆகவே மருத்துவக் கஞ்சா, அதாவது வலிக்கும் வாந்திக்கும் மருந்தாகக் கஞ்சா, என்று யாராவது பேச்செடுத்தால் இங்குள்ளவர்கள் முகம் சுளிப்பது இயல்பு. ஆனால் இதே கரையில் புற்றுநோய் வலியோடும் கீமோ வாந்தியோடும் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். அனுமதி கொடுத்த நாடுகள் எப்படிக் கண்காணிக்கின்றன என்பதை இந்த இரண்டு பக்கத்தையும் மனதில் வைத்தே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம் ரொம்பத் தளர்வான வழியை எடுத்தது. 2018 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் சட்டம் நிறைவேறியது. இன்னின்ன நோய்க்குத்தான் என்ற பட்டியலே கிடையாது. மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளிக்கு அட்டை கிடைத்துவிடும். பயிரிடவோ கடை வைக்கவோ தொடக்கத்தில் 2,500 டாலர்தான் கட்டணம், உரிமங்களுக்கு உச்சவரம்பும் இருக்கவில்லை. சுமார் 40 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் பயிரிடும் உரிமங்கள் மட்டும் 8,000-ஐத் தாண்டின. நோயாளிகளின் தேவையைப் போல எத்தனையோ மடங்கு விளைந்தால் மிச்சம் எங்கே போகும்? பக்கத்து மாநிலங்களின் கள்ளச் சந்தைக்குத்தான் போனது. உள்ளூர்க்காரர் பெயரில் உரிமம், பணம் போட்டவர் வேறொருவர் என்ற பினாமி ஏற்பாடுகளும் பெருகின. 2022 ஆகஸ்டில் புதிய உரிமங்களை நிறுத்தி வைத்தார்கள். விதையிலிருந்து விற்பனை வரை ஒவ்வொரு செடியையும் கணக்கில் வைக்கும் முறையும் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் நான்கு வருடம் ஓடிவிட்டது.

மினசோட்டா இதற்கு நேர் எதிர். 2014-இல் சட்டம், 2015 ஜூலையில் விற்பனை. தொடக்கத்தில் மாநிலம் முழுமைக்கும் இரண்டே உற்பத்தி நிறுவனங்கள். புகைக்கும் பூவுக்கு அனுமதி இருக்கவில்லை. மாத்திரை, எண்ணெய் போன்ற வடிவங்கள்தான், அதையும் மருந்தாளுநர் நோயாளியிடம் பேசி, அளவு பார்த்துத்தான் தந்தார். எது எங்கே விளைகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று சுகாதாரத் துறைக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரிய அந்த மாநிலத்துக்குச் சட்டம் அனுமதித்த விநியோக மையங்கள் ஆரம்பத்தில் எட்டுதான். விலையும் அதிகம், காப்பீடும் கிடையாது. பதிவு செய்த பிறகு செலவு தாங்காமல் விலகியவர்கள் பலர். 2022-இல் உலர்ந்த பூவையும் அனுமதித்ததற்கு விலையைக் குறைப்பது ஒரு முக்கியக் காரணம்.

ஜெர்மனி 2017-இல் வேறு மாதிரி செய்தது. மருத்துவர் சீட்டு எழுதுவார், சாதாரண மருந்துக் கடையில் வாங்கலாம், ஒப்புதல் கிடைத்தால் பொதுக் காப்பீடே செலவை ஏற்கும். உள்நாட்டில் விளைவதை அரசு அமைப்பே கொள்முதல் செய்தது. 2024 ஏப்ரலில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகு இணையவழிச் சீட்டுகள் பெருகி, இறக்குமதியும் கூடி, மறுபடி இறுக்க முயல்கிறார்கள்.

சரி, நம் நாட்டில்? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், மருத்துவத் தேவைக்குக் கஞ்சா பயிரிடுவதை முறைப்படுத்தும் அதிகாரத்தை 10-ஆம் பிரிவில் மாநிலங்களுக்கே கொடுத்திருக்கிறது. விளைச்சலைக் கண்காணிக்கும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற விவசாயிகள் அபினி விளைவிக்கிறார்கள். அதிகாரிகள் வயலை அளக்கிறார்கள். எடுத்த அபினி மொத்தமும் அரசுக்கே போக வேண்டும்.

ஆனால் அந்த அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபின் என்ற வலி மருந்துக்கு நேர்ந்ததை மறக்கக் கூடாது. அதே 1985 சட்டத்துக்குப் பிறகு, ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல துறைகளிடம் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். தண்டனைக்குப் பயந்து மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் வாங்குவதையே விட்டன. வலியில் துடித்தவர்களுக்கு மருந்து எட்டாமல் போனது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்று ஆக்குவதற்கு ஏறத்தாழ 30 வருடம் ஆனது. அந்த வருடங்களில் வலியோடு செத்தவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒக்லஹோமாவில் சரக்கு கசிந்தது தோட்டத்தில். நோயாளியின் பையிலிருந்து அல்ல. இந்தியாவில் மார்ஃபின் விஷயத்தில் பூட்டியதோ நோயாளியின் பக்கத்துக் கதவை. அதனால் என் வாக்கு, விளைச்சலுக்கு மினசோட்டா மாதிரி கெடுபிடி, விநியோகத்துக்கு ஜெர்மனியின் முதல் ஏழு வருட ஏற்பாடு.

தமிழ்நாடு என்றைக்காவது விதி எழுதினால், கடற்கரை மாவட்டங்களில் பயிரிடவோ கிடங்கு வைக்கவோ கூடாது என்று முதலிலேயே எழுத வேண்டும். இங்கே ஒரு கிடங்கு வந்தால் கடத்தல்காரர்களுக்குப் பாதித் தூரம் மிச்சம். மருந்து மட்டும் முத்திரையிட்ட எண்ணெயாகவோ மாத்திரையாகவோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரட்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். படுத்த படுக்கையாக இருப்பவரை அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணச் சிகிச்சைக்கு வீடு தேடிப் போகும் செவிலியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுத்தனுப்பி, காலிப் புட்டியைத் திரும்ப வாங்கிக் கணக்கு முடிக்கலாம்.