முப்பது விநாடி விளம்பரத்துக்கு வாடகைக் கேமராவா, கையிலிருக்கும் கைப்பேசியா?

ஆகஸ்ட் 7ஆம் நாள் 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அதையொட்டி நடந்த காணொளிப் போட்டி ஒன்றுக்காக நானும் நண்பர்கள் இருவரும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு விளம்பரப் படங்கள் எடுத்தோம். இரண்டும் முப்பது விநாடி. இரண்டுக்கும் பொருள் பவானி ஜமுக்காளம். முதல் ஆண்டு, லென்ஸை மாற்றிப் போடக்கூடிய மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மறு ஆண்டு எங்களில் ஒருவருடைய கைப்பேசியிலேயே முழுப் படத்தையும் முடித்தோம். ஒரே தறிக்கூடம், ஒரே நெசவாளர் குடும்பம், ஒரே நீளம் என்பதால் இரண்டு வழிகளையும் ஓரளவு நேர்மையாக ஒப்பிட முடிகிறது. போட்டிக்காக எடுக்கும் குறு விளம்பரத்துக்கு நான் கைப்பேசியின் பக்கமே நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கேமரா, இரண்டு லென்ஸ்கள், டிரைபாட், எல்இடி விளக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாள் வாடகையாக 3,800 ரூபாய் கொடுத்தோம். அடையாள அட்டையின் அசலையும் கடையில் வைத்துவிட்டு வந்தோம். மறு ஆண்டு புதிதாக வாங்கியது, சட்டையில் குத்திக்கொள்ளும் மைக் ஒன்றுதான். ஒலியைப் பொறுத்தவரை இரண்டு கருவிகளும் ஒன்றுதான்: எதில் எடுத்தாலும் அதில் உள்ள மைக்கை நம்பக் கூடாது. தறியின் 'டக், டக்' ஓசையை நாங்கள் இரண்டு ஆண்டுகளிலும் தறிக்கு அருகில் தனியாகப் பதிவு செய்து, பிறகு படத்தோடு சேர்த்தோம். பின்னணி இசைக்குத் திரைப்பாடல் எதையும் தொடக் கூடாது என்பதும் இரண்டுக்கும் பொது.

படத்தின் தரத்தில் வாடகைக் கேமராதான் மேல் என்பதை மறைக்கப் போவதில்லை. முழு ஃபிரேம் கேமராவில் ஒளியை வாங்கும் உணரி 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. கைப்பேசியில் அது விரல் நகத்தின் அளவே இருக்கும். தறிக்கூடங்கள் பெரும்பாலும் இருட்டானவை. நாங்கள் படமெடுத்த வீட்டில் ஒரு டியூப்லைட்டும் கூரையில் பதித்த ஒரே ஒரு கண்ணாடி ஓடும்தான் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கேமரா எடுத்த படத்தில் தறியில் நீளவாக்கில் கட்டிய சிவப்புப் பாவு நூல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அதே இடத்தில் கைப்பேசியில் எடுத்தபோது நிழற்பகுதிகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிந்தது, நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதைப் போல இருந்தது. பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் காட்சியையும் கேமராவின் லென்ஸ் இயல்பாகத் தந்தது. கைப்பேசி அதைக் கணக்குப் போட்டுச் செய்கிறது. நூலும் நரைமுடியும் இருக்கும் இடங்களில் அந்தக் கணக்கு அடிக்கடி பிசகுகிறது.

இந்தக் குறையில் பாதியைக் கொஞ்சம் கவனத்தால் சரிக்கட்டலாம். கைப்பேசியைத் தானியங்கி முறையில் விட்டுவிடக் கூடாது என்பதே முதல் பாடம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படங்கள், என்ற வழக்கமான அமைப்பில் எடுத்தால் சில விளக்குகளின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரமான ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இங்குமங்கும் ஓடும்போதெல்லாம் படம் வெளிறியும் இருண்டும் துடிக்கும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் இவை எல்லாவற்றையும் கையாலேயே அமைக்க முடிகிறது. வெயிலில் எடுக்கும்போது மட்டும், லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவைப் பெரும்பாலான கைப்பேசிகளில் மாற்ற முடியாது என்பதால், 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். அதற்கு லென்ஸின் மேல் மாட்டும் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி ஒன்று வேண்டும்.

போட்டி விளம்பரத்தில் படத்தின் பளபளப்பைவிடக் கருத்தே முன்னால் நிற்கிறது என்பதற்கு நம் ஊரைத் தாண்டியும் சான்று உண்டு. அமெரிக்காவில் டோரிட்டோஸ் என்ற சிப்ஸ் பிராண்டு 2006இல் தொடங்கிய போட்டியில் பொதுமக்கள் முப்பது விநாடி விளம்பரம் எடுத்து அனுப்பினார்கள்; வென்றது, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே ஒளிபரப்பானது. 2009இல் இந்தியானா மாநிலத்து ஜோ ஹெர்பர்ட், டேவ் ஹெர்பர்ட் என்ற சகோதரர்கள் எடுத்த விளம்பரம், பெரிய விளம்பர நிறுவனங்களின் படங்களை எல்லாம் முந்தி யுஎஸ்ஏ டுடே நாளிதழின் விளம்பரத் தரவரிசையில் முதலிடம் பிடித்து 10 லட்சம் டாலர் பரிசைப் பெற்றது.

இனி, என்னைக் கைப்பேசியின் பக்கம் சாய வைத்த காரணத்துக்கு வருகிறேன். விலையோ எளிமையோ என்னைச் சாய வைக்கவில்லை; மறுபடியும் போய் எடுக்க முடிகிறதா என்ற ஒரே கேள்விதான் சாய வைத்தது.

முப்பது விநாடி என்பது 25 ஃபிரேம் கணக்கில் 750 ஃபிரேம்கள். கடைசி மூன்று நான்கு விநாடிகள் பொருளையும் அதன் பெயரையும் காட்டுவதற்குப் போய்விடும். மீதி 26 விநாடியில் பன்னிரண்டு, பதின்மூன்று ஷாட்டுகளுக்கு மேல் இடமில்லை. பத்து நிமிடக் குறும்படத்தில் ஒரு ஷாட் சுமாராக இருந்தால் பார்ப்பவர் கடந்துபோவார்; இங்கே ஒரு ஷாட் தவறினால் படத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு தவறிப்போகிறது. எந்த ஷாட் தேவை என்பதோ எடிட்டிங்கில் உட்கார்ந்து, துண்டுகளை அடுக்கிப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது. எவ்வளவு கவனமாகக் காட்சிப் பட்டியல் எழுதிக்கொண்டு போனாலும் எங்களுக்கு இரண்டு முறையும் இப்படித்தான் நடந்தது.

முதல் ஆண்டுப் படத்தின் கதை எளிமையானது. கல்யாணத்துக்கு முந்தைய இரவு, வீட்டுக் கூடத்தில் பாட்டி ஜமுக்காளத்தை விரிக்கிறார். அதன்மேல் பூக்கட்டுகிறார்கள், குழந்தைகள் உருண்டு தூங்குகிறார்கள். இடையிடையே அந்த ஜமுக்காளம் நெய்யப்படும் தறி வருகிறது. எடிட்டிங் செய்துகொண்டிருந்த நண்பர் ஒரு கட்டத்தில் நிறுத்தி, "குழிக்குள்ள மிதிக்கிற காலக் காட்டிட்டு, அப்படியே ஜமுக்காளத்து மேல ஓடுற குழந்தையோட காலுக்கு வெட்டினா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். விளம்பரம் முழுவதும் அந்த ஒரு வெட்டில்தான் இருக்கிறது என்று மூவருக்கும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் நெசவாளரின் காலை நாங்கள் எடுக்கவே இல்லை. குழித்தறியில் நெசவாளர் தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதிகட்டைகளை மிதிப்பார். அந்தக் குழி இருட்டு. ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. லென்ஸ் மாட்டிய கேமரா அதற்குள் இறங்கவில்லை என்று படப்பிடிப்பு நாளிலேயே விட்டுவிட்டோம். கேமராவோ அன்று இரவே கடைக்குத் திரும்பிவிட்டது. மறுபடி எடுக்க வேண்டுமென்றால் மறுபடி வாடகை, மறுபடி மூவருக்கும் ஒத்துவரும் ஒரு நாள், மறுபடி பவானிக்குப் பயணம். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. கடையில் கேமரா கிடைக்க ஆறு நாள் ஆகும் என்றார்கள். அந்த இடத்தில் திரையை இருட்டாக்கி அடுத்த காட்சிக்குத் தாவினோம். படம் முதல் சுற்றோடு நின்றது.

மறு ஆண்டு நெசவாளரின் கால் மிதிக்கும் அந்தக் காட்சியையே மையமாக வைத்துப் புதிதாக எழுதினோம். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி குழிக்குள் கையை நீட்டி எடுத்தபோது, கண்ணாடி ஓட்டிலிருந்து விழுந்த வெயில் பாவின் இடுக்குகள் வழியாகக் கோடு கோடாக இறங்கி அவருடைய புறங்காலில் படிந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் கோடுகள் பிரிந்து சேர்ந்தன. அந்த வெயில் காலை பத்து மணிக்குச் சற்று முன்னும் பின்னுமாக இருபது நிமிடம்தான் அங்கே நிற்கிறது. முதல் நாள் நாங்கள் போனது பிற்பகல். அது தெரிந்த பிறகு காலை நேரமாகப் பார்த்து மூன்று முறை திரும்பப் போனோம். வாடகைக் கேமராவோடு அந்த இருபது நிமிடத்துக்காக மூன்று நாள் காத்திருந்திருக்க முடியாது.

திரும்பத் திரும்பப் போவதில் இன்னொரு பயனும் கிடைத்தது. அகலமான ஜமுக்காளத்தை ஒரே தறியில் இருவர் அருகருகே உட்கார்ந்து நெய்வார்கள். ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவார். முதல் ஆண்டு பெரிய கேமராவையும் விளக்கையும் எதிரே நிறுத்தியபோது இருவரும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். மூத்தவர், "கேமராவப் பாத்தா கை ஓட மாட்டீங்குதுங்க தம்பி" என்று வெளிப்படையாகவே சொன்னார். அன்று எடுத்த காட்சிகளில் நாடா தயங்கித் தயங்கித்தான் போகிறது. கைப்பேசியோடு நாங்கள் மூன்றாவது முறை போனபோது அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பேச்சும் வேலையும் தம்பாட்டுக்கு நடந்தன. நாடா கைமாறும் அந்த வேகம் முதல் ஆண்டுப் படத்தில் எங்குமே இல்லை.

மறுபடி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நான்காவது முறை போனபோது தறியில் இருந்த சிவப்பு பச்சைப் பாவு அறுத்து முடிந்து, நீலப் பாவு ஏறியிருந்தது. அதற்கு முன் எடுத்த எந்தக் காட்சியோடும் புதியது ஒட்டவில்லை. நூலின் நிறம் தெரியாத அண்மைக் காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினோம். எத்தனை நாளில் பாவு தீரும் என்பதை முதல் நாளே கேட்டு வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. உடை, மீசை, விளக்கின் நிறம் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் பழைய காட்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும். கைப்பேசியில் பழைய காட்சிகளும் கூடவே இருப்பதால் இது அங்கேயே நின்று செய்யக்கூடிய வேலைதான்.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. சமையல் எண்ணெய் வழிவது, நகையின் மினுமினுப்பு போன்ற பொருளழகே விளம்பரமாக இருக்கும் படங்களை நான் எடுத்ததில்லை. அங்கே லென்ஸும் ஒளியமைப்புமே பாதி வேலையைச் செய்யும் என்பதால் கைப்பேசியைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். எங்கள் இரண்டாவது படம் இறுதிச் சுற்றுக்குப் போய் அரங்கத்துப் பெரிய திரையில் ஓடியபோது, இரவுக் காட்சி ஒன்றில் இரைச்சல் எனக்குத் தெரிந்தது. பார்த்தவர்கள் யாரும் சொல்லவில்லை என்றாலும் அது என்னை உறுத்தியது. நாங்கள் பயன்படுத்தியது ஓரளவு விலை கூடிய கைப்பேசி; குறைந்த விலைக் கைப்பேசியில் இதே அளவு வருமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

படமெடுக்கும் இடம் தொலைவில் இருந்து, அங்கே ஒரே ஒரு நாள்தான் அனுமதி என்றால் கணக்கு மாறிவிடுகிறது. திரும்பப் போக வழியே இல்லாதபோது கைப்பேசியின் பெரிய அனுகூலம் பயனற்றுப் போகிறது. இருக்கும் ஒரு நாளில் கிடைக்கும் படம் முடிந்தவரை நன்றாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட படப்பிடிப்புக்கு நான் வாடகைக் கேமராவையே எடுப்பேன். எடுத்தாலும், கால்குழிக்குள் இறக்குவதற்கு ஒரு கைப்பேசியை 25 ஃபிரேமில் தயாராக வைத்திருப்பேன்.