அரசமரத்து அரணி: வாங்கிக் கடைந்து பார்த்தபின் எழுதும் மதிப்புரை

வேள்விக்கும் கும்பாபிஷேகத்துக்கும் தீயைக் கடைந்தெடுக்க உதவும் அரணியை, கும்பகோணத்தில் பூசைப் பொருள்கள் விற்கும் ஒரு கடையின் வழியாகத் தச்சரிடம் சொல்லிவைத்து வாங்கினேன். அடியில் கிடத்தும் அதராரணி, மேற்கட்டையான உத்தராரணி, அதிலிருந்து வெட்டியெடுத்த பிரமந்தம் என்னும் கடையும் முளை, அம்முளையைச் செருகும் தண்டு, தண்டின் தலையை அழுத்திப் பிடிக்கும் ஓவிலி, சுற்றி இழுக்கும் கயிறு ஆகியவை ஒரு துணிப்பையில் வந்தன. அதராரணி 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் கொண்ட சாத்திர அளவில் அமைந்துள்ளது. இது விரற்கடைக் கணக்காதலால் நீளம் ஏறக்குறைய ஒரு முழமே வரும். இரண்டடிக் கட்டையை எதிர்பார்ப்பவர்கள் இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

மேல், கீழ் இரண்டு கட்டைகளும் அரசமரமே. இதைப் பார்த்தவர்கள் எழுப்பிய முதல் கேள்வி, கீழ்க்கட்டை வன்னிமரமாக இருக்க வேண்டாமா என்பதுதான். விடை புரூரவன் என்னும் பழங்கால அரசனின் கதையிலேயே இருக்கிறது. தேவலோகப் பெண்ணான ஊர்வசியைப் பிரிந்து வாடிய அவனுக்குக் கந்தர்வர்கள் ஒரு சட்டியில் தீயைக் கொடுத்தார்கள். அதைக் காட்டிலேயே வைத்துவிட்டு மகனை மட்டும் ஊருக்கு அழைத்துச் சென்று அவன் திரும்பியபோது, தீ அரசமரமாகவும் சட்டி வன்னிமரமாகவும் மாறியிருந்தன என்று சதபத பிராமணம் என்னும் வேத நூல் கூறுகிறது. மேற்கட்டையை அரசிலும் கீழ்க்கட்டையை வன்னியிலும் செய்யும் வழியை முதலில் சொன்ன கந்தர்வர்கள், பின்னர் இரண்டையும் அரசிலேயே செய்து கடைந்தால் பிறப்பது அந்தத் தீயேதான் என்றார்கள். ஆகவே இரண்டும் அரசாக இருப்பது மரபுக்கு முற்றிலும் பொருந்தியதே. வேள்வியில் கீழ்க்கட்டையை ஊர்வசி என்றும், மேற்கட்டையைப் புரூரவன் என்றும், இடையில் தொடும் நெய்யை அவர்களுடைய மகன் ஆயு என்றும் மந்திரம் விளிக்கிறது. உடன் வரும் கையேட்டில் இதில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தமளித்தது.

வன்னியின் மேல் முளைத்து வளர்ந்த அரசே அரணிக்கு உயர்ந்தது என்பது மரபு. இந்தக் கட்டை அத்தகையது என்று விற்பவர் உறுதி கூறினாலும், வெட்டிச் செதுக்கிய மரத்தைப் பார்த்து அதைச் சரிபார்க்க இயலாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் ஓவிலியின்மீது உடல் எடையை இறக்கித் தண்டு சாயாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் தயிர் கடைவதைப் போலக் கயிற்றின் இரு நுனிகளையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். முதலில் வெளிறிய தூள் உதிர்கிறது. பிறகு அது பழுப்பாகி, கருத்து, புகையத் தொடங்குகிறது. புகையைக் கண்டதும் கையை எடுத்துவிடாமல், கயிற்றை நிறுத்தியபின்னும் தூள் தானாகப் புகையும் நிலை வரும்வரை கடைந்தால்தான், உராய்வின் வெப்பம் கரித்தூளில் தேங்கிக் கங்காகிறது. அந்தத் தணலைத் தேங்காய் நாரில் ஏந்தி மெல்ல ஊதினால் சுடர் எழுகிறது. அரசு மென்மையான மரமாதலால் இந்தக் கட்டை நன்றாகத் தேய்ந்து கொடுத்தது. உலர்ந்த நாளில் குறையேதும் சொல்வதற்கில்லை. 1975ஆம் ஆண்டு ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாள் என்னும் ஊரில் 12 நாள் நடந்த அதிராத்திர வேள்வியிலும் தீ இவ்வாறே கடைந்தெடுக்கப்பட்டது.

கருவுற்ற பெண்ணுக்குள் பேணப்படும் சிசுவைப் போல அக்னி அரணிகளுக்குள் இருக்கிறான் என்று ரிக் வேதம் பாடுவதன் பொருள், அந்தத் தணலைக் கண்ணால் கண்டபோதுதான் எனக்கு முழுமையாகப் புலப்பட்டது. தமிழிலும் இந்த வியப்பு பழையது. வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகிய ஞெலிகோலை, அதாவது தீக்கடையும் கோலைப் போல வெளித்தெரியாமல் இருக்கவும், அதில் பிறந்த தீயைப் போல வெளிப்படவும் வல்லவன் என்று அதியமானை ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். ‘விறகில் தீயினன்’ என்று இறைவனைச் சொல்லும் அப்பர், உறவைக் கோலாகவும் உணர்வைக் கயிறாகவும் கொண்டு கடையச் சொல்கிறார்.

அந்தக் கயிறுதான் இந்தத் தொகுப்பின் பலவீனம். மெல்லிய பருத்திக் கயிறு தண்டில் வழுக்கியதோடு விரைவில் நைந்தும் போனது. அதற்குப் பதிலாக முறுக்கேறிய சணல் கயிற்றைப் போட்ட பிறகே தண்டு சீராகச் சுழன்றது. துணிப்பையும் போதாது. மகாபாரதத்தில் ஓர் அந்தணர் மரத்தில் வைத்திருந்த அரணி மானின் கொம்பில் சிக்கிப் போக, அதைத் துரத்திச் சென்ற பாண்டவர்கள் யட்சனின் பொய்கையை அடைகிறார்கள். அரணியை இழந்தால் நாள்தோறும் தீயில் ஆகுதி இடும் அக்னிஹோத்திரமே தடைபடும் என்பதால்தான் அவர் அவ்வளவு பதறினார். அத்தகைய பொருளுக்கு ஈரம் புகாத மரப்பெட்டி ஒன்றையாவது தந்திருக்க வேண்டும்.

கடையக் கடையப் பிரமந்தம் தேய்ந்து குறைவதால், வாங்கும்போதே கூடுதலாகச் சில முளைகளை அதே மரத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கட்டைக்குப் பளபளப்பு ஏற்ற எண்ணெயோ வார்னிஷோ பூசித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். பூசிய கட்டை வழுக்கும், உராய்வு குறையும், தீயும் பிறக்காது.