போர் விமானியும் பயணிகள் விமானியும்: இரண்டு சிமுலேட்டர்களில் ஓர் ஒப்பீடு

போர் விமானிக்குத்தான் கைத்திறன் அதிகமா, பயணிகள் விமானத்தை ஓட்டுபவருக்கா என்ற வாதத்தை இன்று வீட்டுக் கணினியிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் டி.சி.எஸ். வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரில் எஃப்/ஏ-18சி ஹார்னெட் போர் விமானத்தையும், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஃப்ளைபைவயர் குழுவினர் இலவசமாக வழங்கும் ஏர்பஸ் ஏ320 நியோ பயணிகள் விமானத்தையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வேறுபாடு பளிச்செனத் தெரிவது தரையிறக்கத்தில்தான். ஹார்னெட்டை விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கும்போது, முன்கண்ணாடித் திரைக்கு இடப்புறமுள்ள சிறு விளக்குகளில் நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டம் மட்டும் எரியும்படி, அதாவது தாக்குகோணம் (இறக்கை எதிர்காற்றைச் சந்திக்கும் கோணம்) 8.1 பாகையில் நிற்கும்படி விமானத்தை வைத்துக்கொண்டு, இறங்கும் பாதையை த்ராட்டிலால் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே வரவேண்டும். கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்கும் வேலையே கிடையாது. சக்கரம் தளத்தில் பட்டவுடன் த்ராட்டிலை முழுவதுமாக முன்னே தள்ள வேண்டும். விமானத்தை நிறுத்துவதற்காகத் தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியை வால்பக்கக் கொக்கி பிடிக்கத் தவறினால் உடனே மேலே எழும்பியாக வேண்டும் அல்லவா?

ஏ320இல் எல்லாமே தலைகீழ். பொதுவாக 1,000 அடி உயரத்தை அடையும்போதே வேகம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடு), சக்கரம், இறங்கும் வீதம் அனைத்தும் ஒழுங்குக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலேறுவதுதான் முறை. ஏறத்தாழ 30 அடியில் மூக்கை மெல்ல உயர்த்தி, ‘ரிடார்ட்’ (விசையைக் குறை) என்று கணினிக் குரல் ஒலிக்கும்போது த்ராட்டிலை முழுவதும் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹார்னெட் பழக்கத்தோடு இங்கே வந்தால் சக்கரங்கள் ஓடுபாதையை ஓங்கி அறையும். ஏ320 பழக்கத்தோடு கப்பலுக்குப் போனால் கம்பிகளையெல்லாம் தாண்டிவிடுவோம். ஒரு திறன் மற்றொன்றின் மேல்படி அன்று என்பதை இவ்வளவு தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

ஆனால், இரண்டு மென்பொருள்களாலும் அந்தந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதியைத் தர முடியவில்லை. டி.சி.எஸ்ஸில் விமானத்தைக் கூர்மையாகத் திருப்பினால் திரை இருள்கிறது, விமானி மூச்சை இறுக்கும் ஒலி கேட்கிறது. என்றாலும், 7 ஜி விசையில் தன் எடையே ஏழு மடங்காகி அழுத்தும்போது கழுத்தைத் திருப்பி எதிரியைத் தேடுவதை நாற்காலியில் உட்கார்ந்து உணர முடியாது. ஏ320இல் விடுபட்டுப்போவது பக்கத்து இருக்கை மனிதர். கணினித் துணை விமானி வானொலியையும் சரிபார்ப்புப் பட்டியலையும் பார்த்துக்கொள்வாரே தவிர, நம்முடைய தவறான முடிவைத் தடுத்துப் பேச மாட்டார்.

2009 ஜனவரி 15 அன்று எஞ்சின்கள் செயலிழந்த ஏ320ஐ நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கிய செஸ்லி சல்லன்பெர்கர் அமெரிக்க விமானப்படையில் எஃப்-4 ஃபேன்டம் ஓட்டியவர் என்பதைப் போர் விமானிகளின் பக்கம் நிற்பவர்கள் தவறாமல் சுட்டிக்காட்டுவார்கள். அவர் 1980 முதல் பயணிகள் விமானங்களை ஓட்டி வந்தவர் என்பதையும், அவர் விமானத்தைக் கையாண்ட அந்தச் சில நிமிடங்களில் துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ் எஞ்சின்களை உயிர்ப்பிக்கும் வழிமுறைகளைச் செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விமானத்திலிருந்த 155 பேரும் உயிர் பிழைத்ததில் இருவருக்கும் பங்குண்டு.

வாங்க நினைப்பவர்களுக்கு: டி.சி.எஸ். அடிப்படைப் பதிப்பு இலவசம். அதனுடன் சு-25டி என்ற தரைத்தாக்குதல் ஜெட்டும், டிஎஃப்-51டி என்ற உந்துவிசிறிப் பயிற்சி விமானமும் கிடைக்கும், ஹார்னெட்டைத் தனியே விலைக்கு வாங்க வேண்டும். ஏ320 இலவசம் என்றாலும் ஃப்ளைட் சிமுலேட்டருக்குப் பணம் கட்டியாக வேண்டும். ஏ320க்குச் சாதாரண ஜாய்ஸ்டிக் போதும். ஹார்னெட்டுக்குத் தனி த்ராட்டில் இல்லாமல் கப்பல் தளத்தை நெருங்குவது வீண் முயற்சி என்பதால், த்ராட்டில் வாங்கும்வரை டிஎஃப்-51டியிலேயே பழகிக்கொண்டிருப்பது நல்லது.