நாசா வாங்கிய இருக்கைகள்: காசுக்குத் தகுந்த சேவையா?

2011-இல் தன் விண்கலமான ஷட்டில் ஓய்வுபெற்றதும், விண்வெளி நிலையத்துக்கு வீரர்களை அனுப்ப நாசா ரஷ்யாவின் சோயுஸ் கல இருக்கைகளையே நம்பியிருந்தது. 2014-இல் வீரர்களை ஏற்றிச் செல்ல இரண்டு அமெரிக்க நிறுவனங்களோடு நிலையான விலையில் ஒப்பந்தம் போட்டது: போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. ஒவ்வொரு கட்டமும் தேறினால்தான் பணம். மிகைச்செலவு நிறுவனத்தின் தலையில். சரியான ஏற்பாடு. ஆனால் தொடக்க ஆண்டுகளில் நாசா கேட்ட தொகையை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தரவில்லை. தாமதத்துக்கு அதுவும் காரணம்.

ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் 2020 மே 30-இல் இருவரை ஏற்றிச் சென்றது. குறை போயிங்கின் ஸ்டார்லைனர் கலத்தில்தான். 2024 ஜூனில் அது இரண்டு வீரர்களை ஏற்றிச் சென்றபோது, எரிபொருளை உந்திகளுக்குத் தள்ளும் ஹீலியம் வாயு கசிந்தது. நிலையத்தை நெருங்குகையில் 28 சிறு உந்திகளில் 5 நின்றன. சூடேறிய வால்வில் டெஃப்லான் சீல் உப்பி ஆக்ஸிஜனேற்றியின் (எரிபொருளை எரியவைக்கும் திரவம்) ஓட்டத்தைக் குறைத்திருக்கலாம் என்று தரைச் சோதனை காட்டியது. கலம் ஆளில்லாமல் திரும்பியது. வீரர்கள் இருவரும் 2025 மார்ச்சில் டிராகனில் வந்தார்கள். ஒரே நிறுவனத்தோடு நின்றிருந்தால் இந்த வழியே இருந்திருக்காது.